மூட்டைக்கு விட்ட வழி

மூணாறிலிருந்து கிழக்கே 32 கிலோமீட்டர் போனால் டாப் ஸ்டேஷன். அங்கே தேநீர்க் கடைகள் இருக்கின்றன, காட்சிமுனை இருக்கிறது. வானம் தெளிந்திருந்தால் கீழே தேனி மாவட்டத்துச் சமவெளி விரிந்து கிடப்பதும் தெரியும். ரயில் நிலையம் மட்டும் இல்லை. அங்கிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் காட்டுப் பாதையில் நடந்து இறங்கினால் சென்ட்ரல் ஸ்டேஷன் என்றொரு சிற்றூர் வருகிறது. அங்கே எந்தக் காலத்திலும் ரயில் வந்ததில்லை. இன்னும் இறங்கினால் குரங்கணி, கொட்டகுடி, கடைசியில் போடிநாயக்கனூர்.

இந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருப்பது தேயிலை. 1902இல் கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களுக்காகக் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒரு பாதை போட்டார்கள். ஒற்றைத் தண்டவாளம். வண்டியின் சிறிய சக்கரங்கள் அதன்மேல் ஓடும், பெரிய சக்கரம் பக்கத்துச் சாலையில் உருளும், இழுப்பவை காளைகள். 1908இல் அதை இரண்டடி அகல இருப்புப்பாதையாக மாற்றி நீராவி எஞ்சின்களை ஓட்டினார்கள். மூணாறில் ஏற்றிய தேயிலை மலை விளிம்பில் இருந்த மேல் நிலையத்தில் இறங்கியது. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி சுமார் 5 கிலோமீட்டர் சரிந்து கொட்டகுடிக்கு வந்தது. கொட்டகுடிக்கு அந்நாளில் பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர். கீழே காத்திருந்த மாட்டுவண்டிகள் 15 கிலோமீட்டர் ஓட்டிப் போடியில் சேர்த்தன.

இன்று ஒருவர் டாப் ஸ்டேஷனிலிருந்து வண்டியில் போடிக்கு வர வேண்டுமென்றால் முதலில் எதிர்த்திசையில் மூணாறுக்குப் போக வேண்டும். அது 32 கிலோமீட்டர். அங்கிருந்து தேவிகுளம், பூப்பாறை வழியாகப் போடிமெட்டு வரை சுமார் 42. மெட்டிலிருந்து இறங்க இன்னும் 26. ஆக ஏறத்தாழ 100 கிலோமீட்டர். நூறாண்டுக்கு முன் ஒரு தேயிலைப் பெட்டி 5 கிலோமீட்டரில் இறங்கிய மலையை ஒரு மனிதர் இன்று இப்படித்தான் சுற்றிவர வேண்டியிருக்கிறது.

போடிக்கு வரும் வழிகளையும் போடியிலிருந்து போகும் வழிகளையும் வரிசையாக எடுத்துப் பார்த்தால் திரும்பத் திரும்ப இதுவே தெரிகிறது. பெரிய வழிகள் முதலில் சரக்குக்காக விடப்பட்டன, ஆட்கள் பிறகு அவற்றில் ஏறிக்கொண்டார்கள். அப்படி ஏறிக்கொண்டவர்களுக்கென்று ஒரு இருக்கையை யாராவது எப்போதாவது ஒதுக்கினார்களா என்பதைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

போடி ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கு மலையின் அமைப்பே விடை சொல்லும். ஏலமலை கிழக்குப் பக்கம் சுவர்போல் நிற்கிறது, மேற்குப் பக்கம் காடும் பள்ளத்தாக்குமாக நெடுந்தூரம் மடிந்து மடிந்து இறங்குகிறது. ஏலக்காய் விளையும் உடும்பன்சோலைப் பகுதி இந்தக் கிழக்கு விளிம்பை ஒட்டியே கிடக்கிறது. அங்கே விளைந்ததை மேற்கே கடற்கரைக்குக் கொண்டுபோவது நாள் கணக்கில் நீளும் பயணமாக இருந்த காலத்தில், கிழக்கே இறங்கினால் அன்றைக்கே சந்தை. ஆட்சி எல்லை ஒரு பக்கம் இழுத்தது, நிலத்தின் சரிவு மறுபக்கம் இழுத்தது. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் திருவிதாங்கூர் அரசு ஏலத்தைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது, மலையில் அதற்கென்று தனி அதிகாரியையும் அமர்த்தியிருந்தது. ஆனாலும் மலையில் வேலை செய்த கைகள் கிழக்கிலிருந்தே ஏறின. அரிசியும் உப்பும் துணியும் கிழக்கிலிருந்தே போயின. போடி, தேவாரம், கோம்பை, கம்பம் என்று மலையடியில் வரிசையாக நிற்கும் ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் மேலே ஏற ஒரு தடம் உண்டு. மலை விளிம்பைத் தாண்டும் இடத்தை இந்தப் பக்கத்தில் மெட்டு என்பார்கள்: போடிமெட்டு, கம்பம்மெட்டு, சாக்குலூத்துமெட்டு. வண்டிச் சாலையாக வளர்ந்தவை இவற்றில் சிலவே. தேவாரத்திலிருந்து சாக்குலூத்துமெட்டுக்குச் சாலை வேண்டும் என்ற கோரிக்கை பல தேர்தல்களைப் பார்த்துவிட்டது.

தமிழில் ஏலம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். செடியும் அதுதான், கூவி விற்பதும் அதுதான். சொற்கள் வந்த வழி வேறு வேறு என்றாலும் போடியில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் போடியிலும் மாறி மாறி நடக்கிறது. ஏலக்காய் வெயிலில் காயும் பொருளல்ல. பச்சை நிறம் போனால் விலையும் போய்விடும். அதனால் மலையிலேயே ஸ்டோர் என்று சொல்லப்படும் உலர்கூடங்களில் சூடேற்றிக் காயவைத்துத்தான் அனுப்புகிறார்கள். சுமார் 5 கிலோ பச்சைக்காய் காய்ந்தால் 1 கிலோ வரும். எடை குறைந்து மதிப்புக் கூடிய அந்த மூட்டைதான் மெட்டு இறங்கிப் போடிக்கு வருகிறது. இங்கே சலித்து, பருமன் பார்த்து, நிறம் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். அந்த வேலையைப் பெரும்பாலும் பெண்கள் செய்கிறார்கள். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோவுக்கு 7,000 ரூபாய் வரை கேட்கப்பட்டது. அப்படிப்பட்ட பொருளுக்கு வழி கிடைக்காமல் போகாது.

இனி ரயிலுக்கு வருவோம். மூணாற்றுச் சிறு ரயிலை 1924 ஜூலை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. கொல்லம் ஆண்டு 1099இல் வந்ததால் மலையாளிகள் இன்றும் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று சொல்லும் வெள்ளம் அது. அந்தப் பாதையை மறுபடி யாரும் போடவில்லை. மதுரையிலிருந்து போடி வரை மீட்டர்கேஜ் பாதை திறக்கப்பட்டது 1928 நவம்பரில். நான்கே ஆண்டு இடைவெளி. மேலே ஒரு ரயிலும் கீழே ஒரு ரயிலும் ஒரே காலத்தில் ஓடியிருந்தால் போடி எப்படி வளர்ந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. அப்படி நடக்கவில்லை. 1931இல் நேரியமங்கலம் வழியாக ஆலுவா–மூணாறு சாலை திறந்ததும் மூணாற்றுத் தேயிலை மேற்கே இறங்கவும் நல்ல வழி கிடைத்தது. போடி ரயிலுக்கு மிஞ்சியது ஏலமும் பயணிகளும் சமவெளி விளைச்சலும்.

அதுவும் நீடிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின் இரும்புத் தேவைக்காக 1942இல் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துப் போனார்கள். ஒரு ஊருக்கு ரயில் வந்த 14 ஆண்டில் அதன் பாதை படைக்கலத்துக்கென்று பிடுங்கப்பட்டது. மீண்டும் ரயில் ஓடியது 1954இல். அதன்பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேல் மீட்டர்கேஜ் வண்டி மதுரை, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, போடி என்று 90 கிலோமீட்டரை நிதானமாகக் கடந்துகொண்டிருந்தது. 2010ஆம் ஆண்டின் கடைசியில் அகலப்பாதையாக மாற்றுவதற்காக நிறுத்தினார்கள். ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையை வெட்டி அகலப்படுத்த வேண்டியிருந்தது. பணம் சிறுகச் சிறுகவே வந்தது. தேனி வரை ரயில் திரும்பியது 2022 மே 26. போடிக்கு வந்தது 2023 ஜூன் 15. பன்னிரண்டரை ஆண்டு. நிறுத்திய அன்று பிறந்த குழந்தை ஏழாம் வகுப்புக்குப் போயிருக்கும்.

அந்த நாளில் போடி மகிழ்ந்தது நியாயமே. வாரத்தில் மூன்று நாள் சென்னை சென்ட்ரலிலிருந்து சேலம், கரூர், திண்டுக்கல், மதுரை வழியாகப் போடிக்கு விரைவு ரயில் கிடைத்தது. அதுவரை சென்னைக்குப் போக இரவுப் பேருந்து, இல்லாவிட்டால் திண்டுக்கல்லோ மதுரையோ போய் ரயில் ஏறுதல். நோயாளியையோ மூத்தவர்களையோ கூட்டிப்போகிறவர்களுக்கு ஒரு படுக்கை இருக்கையின் அருமை தெரியும்.

மதுரைக்கும் போடிக்கும் இடையே நாள்தோறும் ஓடும் முன்பதிவில்லா ரயிலின் நேரத்தைத்தான் கவனிக்க வேண்டும். 2023இல் வகுத்த அட்டவணைப்படி அது காலையில் மதுரையிலிருந்து கிளம்பிப் பத்தரை வாக்கில் போடி வரும். மாலையில் போடியிலிருந்து திரும்பும். மதுரைக்காரர் போடிக்கு வந்து வேலை முடித்துத் திரும்ப ஏற்ற நேரம். போடிக்காரரின் தேவை இதற்கு நேர்மாறானது. அவர் காலையில் மதுரை பெரியாஸ்பத்திரிக்கோ நீதிமன்றத்துக்கோ கல்லூரிக்கோ போய் இரவுக்குள் வீடு திரும்ப வேண்டும். அவருக்கு அந்த ரயில் பயன்படாது. அவர் வழக்கம்போலத் தேனி போய் மதுரைப் பேருந்தில் ஏறி இரண்டரை மணி நேரம் பயணித்து ஆரப்பாளையத்தில் இறங்குகிறார். கடைசி நிலையமாக இருக்கும் ஊருக்கு ரயில் விடுகிறபோது அது இரவில் எந்த ஊரில் தங்குகிறது என்பதே பெரிய கேள்வி. போடியில் தங்கி விடிகாலையில் கிளம்பும் ரயில் ஒன்று வந்தால் இந்தப் பாதையின் பொருளே மாறிவிடும்.

வரைபடத்தில் ரயில் கோடு போடியில் முடிகிறது. சாலை முடிவதில்லை. கொச்சியிலிருந்து மூணாறு, போடிமெட்டு, போடி, தேனி, மதுரை வழியாகத் தொண்டி வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 85 ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. மேற்குக் கடலையும் கிழக்குக் கடலையும் இணைக்கும் சாலை அது. போடியிலிருந்து மேற்கே போனால் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் கடந்து முந்தல் சோதனைச்சாவடி. அங்கேதான் ஏற்றம் தொடங்குகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில் புலியூத்து. மழைக்காலத்தில் அங்கே அருவி விழும், பாறையும் விழும். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டும்போது போடியில் வெறும் காற்றடிக்கும். இந்தப் பக்கச் சரிவைக் கரைப்பது அக்டோபருக்குப் பிறகு வரும் வடகிழக்குப் பருவமழை. மண் சரிந்து சாலை அடைபடுவதும் இரவுப் போக்குவரத்தை நிறுத்தி வைப்பதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். புதிதாக வருகிறவர் நவம்பரில் மூணாறுக்கு இந்த வழியாகப் போகத் திட்டமிட்டால், முந்தலில் விசாரித்துவிட்டு ஏறுவது நல்லது.

ஊருக்குள் சுற்றுவதில் பெரிய சிக்கல் இல்லை. 2011 கணக்கெடுப்பில் 75,000 பேர் வாழ்ந்த நகராட்சி. பேருந்து நிலையம், தேவர் சிலை, சுப்பிரமணிய சுவாமி கோயில், பழைய ஜமீன் அரண்மனை எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. பரமசிவன் மலைக்கோயில் ஊர் விளிம்பில். மற்றதற்கு ஆட்டோ, பக்கத்துக் கிராமங்களுக்கு டவுன் பஸ்சும் மினி பஸ்சும். தேனிக்கு 15 கிலோமீட்டர், பேருந்து அடிக்கடி உண்டு. 2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானபிறகு கிழக்கே தேனிப் பக்கம் கடைக்கும் ஜவுளி வேலைக்கும் போகிற பெண்களின் கையில் கொஞ்சம் காசு மிஞ்சுகிறது. நல்ல திட்டம்.

ஆனால் போடிப் பெண்களில் பெருங்கூட்டம் ஒன்று வேலைக்குக் கிழக்கே போவதில்லை, மேற்கே போகிறது. அந்தத் திசையில் கட்டணமில்லாப் பேருந்து அவர்களைக் கொண்டுபோவதில்லை.

அவர்களை ஏற்றிப் போவது ஜீப்பு. விடியுமுன் நான்கு, நான்கரைக்கே போடி, தேவாரம், கோம்பை, கம்பம் என்று மலையடி ஊர்களின் முச்சந்திகளில் தலையில் துண்டு கட்டிய பெண்கள் நிற்பார்கள். கையில் தூக்குவாளி, பையில் மழைக்கு இடுப்பில் சுற்ற ஒரு பிளாஸ்டிக் தாள். “மேலே போறோம்” என்று மட்டும் சொல்வார்கள். மேலே என்றால் மலை, மலை என்றால் ஏலத்தோட்டம். காய் எடுப்பு, கவாத்து, களை, உரம் என்று பருவத்துக்கொரு வேலை. காய் எடுக்கும் மாதங்களில் ஆள் போதாது. அந்த மாதங்களே மழை மாதங்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போது ஒரு ஜீப்பில் அதற்குரிய அளவைத் தாண்டி எத்தனையோ பேர் மடியோடு மடியாக உட்கார்ந்து, வளைவு வளைவாக ஏறி, ஏழு எட்டு மணிக்குத் தோட்டம் சேர்கிறார்கள். மாலையில் அதே வழியாக இறக்கம். கூலி வேலைக்கு மாநில எல்லையைத் தாண்டிப் போய் அன்றே திரும்புகிறார்கள். இடுக்கியின் ஏலப் பொருளாதாரம் நாள்தோறும் இந்தப் பயணத்தின்மேல் நிற்கிறது.

இதற்கு அட்டவணை கிடையாது, பயணச்சீட்டு கிடையாது. ஜீப்புக்குப் பணம் கொடுப்பது யார், அது கூலியில் எப்படிக் கழிகிறது என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். விபத்து நடந்த மறுநாள் சோதனை கடுமையாகும், கூடுதல் ஆள் ஏற்றிய வண்டிகளுக்கு அபராதம் விழும். சில வாரம் கழித்துப் பழையபடி. அபராதத்தை ஓட்டுநர் கட்டலாம். வேலைக்கு நேரத்தில் போய்ச் சேர வேறு வழியில்லாத நிலைக்கு யார் பொறுப்பு? ஜீப்பில் நெருக்கி உட்காருகிறவர் அதை விரும்பி ஏற்றுக்கொண்டவர் என்று பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் முன்னால் இருப்பது அந்த ஜீப்பு, இல்லாவிட்டால் ஒரு நாள் கூலி இழப்பு.

இந்த வழி எவ்வளவு மெல்லிய நூல் என்பது இரண்டு முறை வெளிப்பட்டது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை கொதித்தபோது எல்லைச் சாலைகள் அடைபட்டன. இடுக்கித் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் பலர் குடும்பத்தோடு, காட்டுத் தடங்கள் வழியாகவும், கீழே இறங்கினார்கள். 2020இல் கொரோனா வந்தபோது மெட்டுகளில் தடுப்பு விழுந்தது. எல்லை தாண்ட மின்னணு அனுமதிச்சீட்டு கேட்டார்கள். அன்றன்றைக்கு ஏறி அன்றன்றைக்கு இறங்குகிறவருக்கு ஒவ்வொரு நாளும் அனுமதி என்பது வேலையே இல்லை என்பதற்குச் சமம். சரக்கு வண்டிகளுக்கு அப்போதும் வழி இருந்தது. 1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்துக்குப் போயின. கோட்டை வரைந்தவர்கள் நிலத்தைப் பிரித்தார்கள், விடிகாலை ஜீப்பு அந்தக் கோட்டை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

கொட்டகுடிப் பக்கம் போனால் இன்னொரு வகைக் குறை. போடியிலிருந்து குரங்கணி வரை சாலை உண்டு. அதற்குமேல் சென்ட்ரல் ஸ்டேஷன், ஊத்துக்காடு போன்ற மலைக் குடியிருப்புகளுக்குச் சுமை போவது குதிரை முதுகில். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரமும் குதிரையேறிப் போகும். அந்தப் படம் ஒவ்வொரு தேர்தலுக்கும் நாளிதழில் வருகிறது. இயந்திரம் ஏறிய தடத்தில் பிரசவ வலி எடுத்த பெண் எப்படி இறங்குவாள் என்பது படத்தில் வருவதில்லை. கொழுக்குமலையும் இப்படித்தான். 7,000 அடிக்கு மேல் தேயிலை விளையும் அந்தத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளத்துக்குள் நுழைந்து சூரியநெல்லியிலிருந்து ஜீப்பு பிடிக்க வேண்டும். 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலை–குரங்கணிச் சரிவில் காட்டுத்தீ பரவி மலையேற்றத்துக்கு வந்த 20க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, மீட்கப் போனவர்களுக்கும் சாலை இல்லை. குரங்கணி இளைஞர்கள் முதலில் நடந்தே ஏறினார்கள். இப்போது அந்தக் காட்டுக்குள் நடக்க வனத்துறை அனுமதி வேண்டும். வேண்டியதுதான்.

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் சாலை போட வேண்டும் என்ற கோரிக்கை மிகப் பழையது. எனக்கு அதில் தயக்கம் உண்டு. சோலைக்காட்டைக் கிழித்துப் போடும் சாலையில் முதலில் ஏறப்போவது சுற்றுலா வண்டிகள், அடுத்தது விடுதிகள். ஊத்துக்காட்டுக்குத் தேவை ஒரு ஆம்புலன்ஸ் ஏறுமளவுக்குச் சீரான தடமும் நிரந்தரமாக ஒரு செவிலியரும். அதை நெடுஞ்சாலைக் கனவோடு சேர்த்துக் கேட்டதால்தான் இரண்டும் வராமல் கிடக்கின்றன என்று நினைக்கிறேன்.

ஜீப்புப் பெண்களுக்குக் காட்டை வெட்ட வேண்டியதில்லை. சாலை ஏற்கெனவே இருக்கிறது. மூணாறு–போடிமெட்டு 42 கிலோமீட்டரை அகலப்படுத்தி 2024 ஜனவரியில் திறந்தும் விட்டார்கள். வேண்டியது, காய் எடுக்கும் மாதங்களிலாவது விடியுமுன் போடியிலிருந்து பூப்பாறை வரையும் மாலையில் அங்கிருந்து போடிக்கும் சில சிறிய அரசுப் பேருந்துகள், அவற்றை எல்லைக்கு அப்பாலும் செல்லுபடியாக்கும் இரு மாநில உடன்பாடு, கட்டணமில்லாப் பயணத்தை மெட்டு வரையிலான 26 கிலோமீட்டருக்கும் நீட்டும் ஓர் அரசாணை. தோட்டம் சாலையோரத்தில் இல்லை என்று சொல்லலாம். உண்மைதான். பூப்பாறையிலிருந்து தோட்டத்துக்கு உட்பாதையில் ஜீப்பு போகட்டும். 17 வளைவுகளைப் பேருந்தில் ஏறினால் போதும். அகலப் பாதைக்காக வணிகர்களும் மக்கள் பிரதிநிதிகளும் பன்னிரண்டு ஆண்டு மனுக் கொடுத்தார்கள், ரயில் வந்தது. இந்தப் பேருந்துக்காக அப்படி ஒரு மனுவை நான் கேள்விப்பட்டதில்லை.

மாலை ஐந்தரைக்கு மேல் ஜீப்புகள் ஒவ்வொன்றாக முந்தல் தாண்டி ஊருக்குள் வரும். முச்சந்தியில் நின்றதும் முதலில் தூக்குவாளிகள் இறங்கும், பிறகு கால் மரத்துப்போனவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி இறங்குவார்கள். விரல் நுனிகளில் ஏலக்கறை இருக்கும். வழியிலேயே காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்கள். அதே நேரத்துக்கு நிலையத்தில் மதுரை ரயில் கிளம்பிக்கொண்டிருக்கும்.